ஏழாம் பாடத்து வீடு

மாதா துணை

நாகமலை புதுக்கோட்டை
8 ஜூன் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

பெர்சி எழுதுவது. இங்கே மாமா, அத்தை, ஜூடு எல்லோரும் நல்ல சுகம். மாமாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. உங்களுக்குச் சளி விட்டதா? ரோட்டர்டாமில் இன்னும் குளிர்தானா?

தினமும் போனில் பேசுகிறவளுக்கு மெயிலில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் பேசுவது யாரிடம்? போன் அடித்ததுமே அத்தை, "ஸ்பீக்கர்ல போடு தாயி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்கிறார்கள். நடு ஹாலில் மாமனார், மாமியார், கொழுந்தன் மூவரையும் வைத்துக்கொண்டு புருஷனிடம் நான் என்னத்தைப் பேச? சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், அம்புட்டுதான். கல்யாணமான மறுமாதமே நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். அதற்கப்புறம் நாம் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

டச்சு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பல்கலைக்கழகத்துக்கு எதிரே சரண்யாதேவி மேடம் வீட்டு மாடியில் நடக்கிறது. மேடம் அந்த நாட்டில் குடும்பத்தோடு இருந்துவிட்டு வந்தவர். தேர்வில் தேறினால்தான் எனக்கு விசா என்பதால் கண்டிப்பாகச் சொல்லித் தருகிறார். இந்த வாரப் பாடம், வீட்டுச் சாமான் எதனால் செய்தது, எங்கே இருக்கிறது என்று சொல்வது. மச்சான், உங்கள் ஊரில் சாமான் சும்மா இருக்காதாமே! கட்டிலும் பீரோவும் நிற்குமாம். பாயும் கம்பளமும் படுத்திருக்குமாம். வகுப்பில் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

நம் அறையைப் பற்றி நான் எழுதியது இதுதான். தமிழில் சொல்கிறேன், டச்சில் எழுதியதைத் தனியே இணைத்திருக்கிறேன், திருத்தி அனுப்புங்கள்.

கட்டில் மரத்தால் ஆனது. கட்டில் சன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பீரோ இரும்பால் ஆனது. பீரோ கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கட்டிலுக்கு அடியில் கிரிக்கெட் மட்டை படுத்திருக்கிறது.

'ஹௌட்' என்றால் மரம். என்ன மரம் என்று கேட்க மாட்டார்களாம். எனக்கு அது பொறுக்கவில்லை. சோழவந்தானில் எங்கள் வீட்டுப் பூவரசை அறுத்து, கட்டிலாக்கி, தலைமாட்டுப் பலகையில் 'பெர்சி' என்று செதுக்கி அப்பா சீராகக் கொடுத்ததை வெறும் மரம் என்று எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டைப் பற்றியும் எழுதி அனுப்புங்கள். இரண்டு வீட்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகச் சொல்கிறார் மேடம். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஊருக்கே சமைத்துப் போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடக்கிற ஆள் நீங்கள்.

அன்புடன்,
பெர்சி

*

ரோட்டர்டாம்
17 ஜூன் 2024

அன்பு பெர்சிக்கு,

ஜினோ எழுதுகிறேன். நான் சுகம், சளி விட்டுவிட்டது. நீ சுகமா? அப்பாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்லி ஜூடுவிடம் சொல். ஹோட்டலில் சரியான கூட்டம், தோசைக்கல்லை விட்டு நகர முடியவில்லை. இன்று திங்கள், விடுமுறை, அதனால் எழுதுகிறேன்.

உன் வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டு இடத்தில் திருத்தியிருக்கிறேன். இனி என் வீடு.

சோபா தோலால் ஆனது. சோபா சன்னலுக்கு முன்னால் நிற்கிறது. மேசை கண்ணாடியால் ஆனது. மேசையின்மேல் பூச்சாடி நிற்கிறது, அதில் மஞ்சள் பூக்கள். மேசைக்கு மேலே விளக்கு தொங்குகிறது. சோபாவுக்கும் கதவுக்கும் நடுவில் புத்தக அலமாரி நிற்கிறது. நாற்காலிக்கு அடியில் பூனை படுத்திருக்கிறது.

நீ வந்தால் உனக்குப் பிடிக்கும். நன்றாகப் படி.

அன்புடன்,
ஜினோ

*

மாதா துணை

நாகமலை புதுக்கோட்டை
6 ஜூலை 2024

அன்புள்ள மச்சானுக்கு,

பெர்சி எழுதுவது. எல்லோரும் சுகம். ஜூடுவின் கல்யாண வேலையில் வீடு தலைகீழாகக் கிடக்கிறது. புதன்கிழமை கல்யாணத்துக்கு நீங்கள் வர முடியாதது அத்தைக்குத் தாங்கவில்லை. எனக்கும்தான், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டைப் படித்துப் படித்து எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தோல் சோபாவா! அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் சோழவந்தான் கோயில் வாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம், "எம் மருமகன் வீட்ல கண்ணாடி மேசையாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நான் அந்தச் சோபாவுக்குக் குஷன் உறை தைக்கத் தொடங்கிவிட்டேன். மஞ்சள் பூவுக்குப் பொருத்தமாக மஞ்சள் நூலில் பூ வேலை. ஒரு சந்தேகம். பூனை முடி பட்டால் உங்களுக்குத் தும்மல் நிற்காதே, பூனையை எப்படி வீட்டுக்குள் விட்டீர்கள்?

இப்போது இங்கே நடந்த அநியாயத்துக்கு வருகிறேன். போன வாரம் அத்தை வந்து, "ஜூடு பொண்டாட்டி மாடி ரூம்புல தங்கப் போகுது. நீ ஒத்த ஆளு, உனக்கு எதுக்கு தாயி அம்புட்டுப் பெரிய கட்டிலு?" என்றார்கள். "ஜெஸி வீட்ல சீர்க் கட்டில் குடுக்கலையா அத்தை?" என்று கேட்டேன். குடுத்திருக்கிறார்களாம். இரும்புக் கட்டிலாம். புரண்டு படுத்தால் கிறீச்சென்று சத்தம் போடுமாம், ஜூடுவுக்கு ஆகாதாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். நான் யோசிக்கவேயில்லை, அதற்குள் வகுப்புக்குப் போய்த் திரும்பி வந்தால் அறையில் கட்டிலைக் காணோம்.

இந்த வாரப் பயிற்சி வாக்கியங்கள் இவை. கட்டில் மாடியில் ஜூடுவின் அறையில் நிற்கிறது. சன்னலுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பாய் கோரையால் ஆனது. பாய் தரையில் படுத்திருக்கிறது. பாயின்மேல் பெர்சி படுத்திருக்கிறாள்.

உடனே பதில் எழுதுங்கள்.

பெர்சி

*

ரோட்டர்டாம்
21 ஜூலை 2024

அன்பு பெர்சிக்கு,

சுகம். நீயும் சுகம்தானே? கல்யாணப் படங்கள் பார்த்தேன், நீ கட்டியிருந்த பச்சைப் புடவை அழகாக இருந்தது.

வாக்கியங்களில் நல்ல முன்னேற்றம். 'மாடியில்' என்பதற்கு நீ போட்ட சொல் தவறு, சரியானதை எழுதியிருக்கிறேன். கோரைக்கு டச்சில் சரியான சொல் கிடைக்கவில்லை. தேர்வில் கோரை வராது, கவலைப்படாதே. 'பாய் படுத்திருக்கிறது' சரிதான்.

பூனை பக்கத்து வீட்டுக்காரருடையது. சன்னல் வழியாக வந்து போகும்.

அம்மாவிடம் கொஞ்சம் அனுசரித்துப் போ. வேலைக்கு நேரமாகிறது.

ஜினோ

*

நாகமலை புதுக்கோட்டை
23 ஜூலை 2024

மச்சானுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், தோல் சோபாவில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு என்ன கேடு?

கட்டில் போச்சு என்று எழுதினேன். தரையில் படுத்துக் கிடக்கிறேன் என்று எழுதினேன். நீங்கள் அதற்குச் 'சரிதான்' போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்! என்ன மனுஷன் நீங்கள்? வீடு தீப்பிடித்து எரிகிறது என்று நான் எழுதினாலும் எழுத்துப்பிழை பார்த்துத்தான் அனுப்புவீர்களா?

இன்னும் கேளுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் ஜெஸிக்குக் காபி கொடுக்க மாடிக்குப் போனேன். தலைமாட்டுப் பலகையில் என் பெயர் இருக்கும் இடத்தில் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருக்கிறது. பசை போட்டு, ஓரமெல்லாம் அழுத்தி, அத்தனை கவனமாக ஒட்டியிருக்கிறார்கள். வேறு சாமான் எதையாவது வைத்து மறைத்திருந்தால் ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டிருப்பேன். மாதாவையே முன்னால் நிறுத்தினால் நான் எப்படிக் கிழிப்பது? உங்கள் அம்மா புத்திசாலி மச்சான். மாதாவிடம் நானும் சொல்லிவிட்டேன், நீங்களே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார், வழக்கம்போல ஒரு கட்டு வெற்றிலையோடு. ஹாலில் உட்கார்ந்து உங்கள் கண்ணாடி மேசையைப் பற்றியே பேசினார். போகும்போது, "கட்டிலுக்கு எண்ணெ கிண்ணெ தேய்க்கணுமாம்மா? பூவரசு வெடிச்சிறப் போகுது" என்றார். என் அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "நல்லாருக்குப்பா, நான் தேச்சுக்கிறேன்" என்றேன். அப்பாவிடம் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, அது பெர்சியின் கட்டில் என்று சொல்வீர்களா, மாட்டீர்களா? கட்டிலுக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேச முடியாத ஆளை நம்பி நான் எதற்கு இம்புட்டுத் தூரம் வரவேண்டும்? எதற்கு இந்த மொழியைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

பாயில் உட்கார்ந்து எழுதும்,
பெர்சி

*

நாகமலை புதுக்கோட்டை
12 ஆகஸ்ட் 2024

ஏழாம் பாடத்தில் குடியிருக்கும் ஜினோ அவர்களுக்கு,

பதில் வராது என்று தெரிந்துகொண்டேன். போனிலும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்று ஓடிவிடுகிறீர்கள். சரி, இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

சரண்யாதேவி மேடம் இதுவரை கைப்பட எழுதித்தான் சொல்லித் தந்தார். இன்றைக்குத்தான் அச்சுப் புத்தகம் வந்து சேர்ந்தது, ஆளுக்கொன்று கொடுத்தார். ஏழாம் பாடத்தைப் புரட்டினேன். பக்கம் முழுக்க ஒரு வீட்டின் படம். சன்னலுக்கு முன்னால் தோல் சோபா. கண்ணாடி மேசை. மேசைமேல் பூச்சாடி, மஞ்சள் பூ. மேலே தொங்குகிற விளக்கு. சோபாவுக்கும் கதவுக்கும் நடுவில் புத்தக அலமாரி. நாற்காலிக்கு அடியில் பூனை! பக்கத்து வீட்டிலிருந்து சன்னல் வழியாக வந்து போகிற பூனை! எத்தனை தைரியம் இருந்தால் பூனைக்குக்கூட ஒரு வீடு கட்டிக் கொடுத்திருப்பீர்கள்?

மேடம், "என்னாச்சு பெர்சி, எந்திரிச்சு நிக்கிறீங்க?" என்றார். நான் எழுந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல மேடம், இது எங்க வீடு" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும்.

இந்த வீட்டைத்தான் என் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டுச் சோபாவுக்குத்தான் நான் கண் வலிக்க வலிக்கக் குஷன் உறை தைத்தேன். அச்சடித்த சோபாவுக்கு உறை தைத்த முட்டாள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

நான் எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. பாய் என்றால் பாய்தான், தரை என்றால் தரைதான். நீங்கள் எழுதியதில் ஒரு கால் உண்டா, ஒரு பலகை உண்டா? புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் அறையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

பெர்சி

*

ரோட்டர்டாம்
26 ஆகஸ்ட் 2024

பெர்சிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

ஹோட்டலுக்கு மேலே ஒரே அறை. மூன்று பேர் இருக்கிறோம். கட்டில்கள் இரும்பால் ஆனவை, ஒன்றின்மேல் ஒன்று. என்னுடையது மேல்தட்டு. உட்கார்ந்தால் கூரையில் தலை இடிக்கும். மேசை இல்லை. என் பெட்டிதான் மேசை, பெட்டி அடுப்புப் புகை வரும் சன்னலுக்குக் கீழே கிடக்கிறது. நாற்காலி ஒன்று, பிளாஸ்டிக். அதற்கு அடியில், அறையில் கூட இருக்கும் கருத்தக்கண்ணன் அண்ணனின் செருப்பு.

முன்பு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். இங்கே வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. வீடு எப்படி என்று உன் அப்பா ஆசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். மேலே, கீழே, பக்கத்தில் என்று சொல்ல என்னிடம் சாமான் ஒன்றும் இல்லை. நான் படித்த புத்தகம் பெட்டியில் இருந்தது, பார்த்து எழுதிவிட்டேன்.

கோபப்படு, ஆனால் படிப்பை விடாதே.

ஜினோ

*

நாகமலை புதுக்கோட்டை
5 செப்டம்பர் 2024

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். கூரையில் தலை இடிக்கும் என்பதைப் படித்ததும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை உங்கள் அம்மா ஏற்றிவிட்டார்கள்.

நீங்கள் இம்புட்டும் எழுதினீர்களே, கட்டிலைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை என்று யோசித்தேன். நேற்று அத்தையிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "என் சாமானை என்னக் கேக்காம எப்படித் தூக்குனீங்க?" அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உம் புருசன்ட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தோம். 'எடுத்துக்கோங்கம்மா, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா'ன்னான்."

அவ ஒண்ணும் சொல்ல மாட்டா! இது எனக்குத் தெரியாமல் நான் உங்களிடமே நியாயம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வீடு இல்லை என்பது உங்கள் தப்பில்லை மச்சான். புத்தகத்தைப் பார்த்து எழுதியதையும் வெட்கத்தில் செய்தீர்கள் என்று விட்டுவிடுவேன். என் அப்பா கொடுத்த கட்டிலைத் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒரு மாதம் கூட இருந்ததில் என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டது அம்புட்டுதானா?

குட்டியானை வண்டிக்குப் போன் போட்டுவிட்டேன். கட்டிலை ஏற்றிக்கொண்டு சோழவந்தான் போய்விடுவது என்று முடிவு. சீர்ச் சாமான் தெரு வழியாகத் திரும்பிப் போனால் நம் பக்கம் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் வாழ வா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் போக முடியாது. தெரிந்துதான் போட்டேன்.

மாடிக்குப் போனால் ஜெஸி வெந்நீரில் துணி நனைத்து மாதா படத்தை ஓரம் கிழியாமல் உரித்துக்கொண்டிருக்கிறாள். "அக்கா, ராவுல கைய நீட்டுனா படத்துக்குக் கீழ உங்க பேரு தட்டுப்படுது. இன்னொருத்தி பேரு போட்ட கட்டில்ல எனக்கு எப்படித் தூக்கம் வரும்? எங்க அப்பா குடுத்தது சத்தம் போட்டா போடட்டும், அது எங் கட்டிலு" என்றாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் போக மனசு வரவில்லை. வண்டியை இப்போதைக்கு வரவேண்டாம் என்றேன்.

எதிர்வீட்டு மொக்கையன் அண்ணனைக் கூப்பிட்டுக் கட்டிலைக் கீழே இறக்கினோம். "எங்க வைக்கணும் தாயி?" என்றார். "நடு ஹால்ல வையிங்கண்ணே" என்றேன். என் அறையில் வைத்தால் நான் வகுப்புக்குப் போகிற நேரம் மறுபடி நகரும். இப்போது நிலைமை இது. கட்டில் நடு ஹாலில் நிற்கிறது. கட்டில் டிவிக்கு முன்னால் நிற்கிறது. மாமா டிவி பார்க்க முடியாமல் கட்டிலுக்குப் பின்னால் நிற்கிறார். அத்தை சமையல்கட்டுக்குப் போக அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பங்குச் சாமியார் வீடு சந்திக்க வந்தவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்து ஜெபம் சொல்லிவிட்டு, தலைமாட்டைப் பார்த்து, "யாரு பெர்சி?" என்று கேட்டார். "நான்தான் சாமி" என்றேன்.

யாருடையது என்று உங்கள் வாயால் சொல்கிற வரை அது அங்கேதான் நிற்கும். சொல்ல முடியாவிட்டால் வண்டிக்காரர் நம்பர் என்னிடம் இருக்கிறது.

பெர்சி

*

ரோட்டர்டாம்
11 செப்டம்பர் 2024

அன்பு பெர்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கும்போது போன் செய்கிறேன். ஸ்பீக்கரில் போடு.

திருத்தம் எதுவும் இல்லை.

ஜினோ

*

மாதா துணை

நாகமலை புதுக்கோட்டை
18 நவம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

பெர்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாமா முட்டி வலிக்கு வைத்தியம் மாற்றியிருக்கிறார். அங்கே பனி தொடங்கிவிட்டதா? கம்பளி போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை நாள் எழுதாதது வேண்டுமென்றேதான். பதில் வராமல் மெயிலைத் திறந்து திறந்து மூடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் பேசியது உங்களுக்குத் தெரியும், இங்கே நடந்தது தெரியாது. "அம்மா, அந்தக் கட்டிலு பெர்சியோடது. தூக்கிக் குடுக்க அது என்னுது இல்ல. அவளக் கேக்காம எடுத்துக்கச் சொன்னது நான் செஞ்ச தப்பு" என்று நீங்கள் சொன்னதும் மாமா டிவியை நிறுத்தினார். "எனக்கு இங்க வீடும் இல்ல, ஹோட்டலு மாடியில மூணு பேரோட படுத்திருக்கேன்" என்றீர்களே, அப்போது அத்தை கையை ஆட்டி, "ஸ்பீக்கர அமத்து தாயி, அக்கம்பக்கத்துல கேக்கப்போகுது" என்றார்கள். "இருக்கட்டும் அத்தை, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றேன். அத்தை அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள். மகன் படுகிற பாட்டை நினைத்து அழுதார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். மன்னிப்பு அவர்களும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையில் ஜூடுவை அதட்டி, "புடிடா அந்தப் பக்கம்" என்று அவர்களே முன்னால் நின்று கட்டிலை என் அறையில் போட வைத்தார்கள். சன்னலுக்குப் பக்கத்தில். மாதா படம் இப்போது சுவரில் மாட்டியிருக்கிறது.

ஜெஸியின் கட்டில் நிஜமாகவே சத்தம் போடுகிறது. ஜூடு எண்ணெய் விட்டுப் பார்க்கிறான், அடங்கவில்லை. குஷன் உறைகளை ஜெஸிக்கே கொடுத்துவிட்டேன். அப்பாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "பாவம், தலை இடிக்குதாமா மாப்பிள்ளைக்கு?" என்றார். கண்ணாடி மேசையைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் இப்போது அவருடைய பெரிய கவலை.

நேற்றுத் தேர்வு முடிவு வந்தது. தேறிவிட்டேன். பேச்சுத் தேர்வில், 'உங்கள் படுக்கையறையில் என்ன இருக்கிறது?' என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் ஏழாம் பாடத்தை ஒப்பித்திருப்பார்கள். எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

விசா விண்ணப்பத் தாளை மேடம் எடுத்துக் கொடுத்தார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எனக்குத் தோல் சோபா வேண்டாம், கண்ணாடி மேசை வேண்டாம். ஒரு அறை பாருங்கள். எம்புட்டுச் சின்னதாக இருந்தாலும் சரி, உட்கார்ந்தால் தலை இடிக்காத ஒரு கட்டில் போடுங்கள், மரமோ இரும்போ. போட்டுவிட்டு, அது எதனால் ஆனது, எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

பூனை வேண்டாம்.

கட்டிலில் உட்கார்ந்து எழுதும்,
உங்கள் பெர்சி